சின்னப்பம்பட்டி பையனும் சேலம் கோஷ்டியும்

ஆறு பந்து. ஆறும் கால் கட்டை விரலுக்கு நேரே!

2016-ம் ஆண்டு. தமிழ்நாடு பிரீமியர் லீக் என்ற கிரிக்கெட் போட்டி முதல் தடவையாக நடந்து கொண்டிருந்தது. திண்டுக்கல் கோஷ்டியும் தூத்துக்குடி கோஷ்டியும் மோதின. இரண்டு பக்கமும் ஒரே அளவு ரன். வெற்றி யாருக்கு என்று தெரியவில்லை.

இப்படிச் சமமாக முடிந்தால், ஒவ்வொரு கோஷ்டிக்கும் இன்னும் ஆறு பந்து கொடுப்பார்கள். அதற்கு "சூப்பர் ஓவர்" என்று பெயர். திண்டுக்கல் பக்கத்தில் பந்து வீச வந்தார் ஒரு வாலிபர். இடது கை வீச்சு. பெயர் நடராஜன். ஊர், சேலம் ஜில்லா சின்னப்பம்பட்டி.

அவர் போட்ட ஆறு பந்தும் "யார்க்கர்". அது என்ன யார்க்கர்? மட்டையைப் பிடித்து நிற்பவரின் கால் விரல் பக்கத்தில் வந்து விழும் பந்து. தூக்கி அடிக்கவும் முடியாது. விட்டு விடவும் முடியாது. உரலில் உலக்கை இறங்குவது போல மட்டையைக் கீழே இறக்கித் தடுக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் குச்சி பறந்து விடும். ஒரு ஓவரில் ஒன்று, இரண்டு யார்க்கர் போடுவதே கஷ்டம். ஆறும் யார்க்கர் என்றால் பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா?

ஆறு மாதம் கழித்து, 2017 பிப்ரவரியில், ஐ.பி.எல். ஏலம் நடந்தது. நடராஜனுக்கு ஆரம்ப விலை ரூ.10 லட்சம். பஞ்சாப் கோஷ்டி அவரை ரூ.3 கோடி கொடுத்து எடுத்துக் கொண்டது!

ஏலம் என்றால் நம் பக்கத்தில் வேறு ஞாபகம்தான் வரும். திருச்செங்கோட்டில் மஞ்சள் மூட்டை ஏலம் போகும். பிலிக்கல்பாளையத்தில் வெல்லம் ஏலம் போகும். ஆட்டக்காரர்களும் ஏலம் போகிறார்கள் என்பது நாலு தலைமுறைக்கு முன்னால் இருந்தவர்களிடம் சொன்னால் சிரித்திருப்பார்கள்.

தறி வீட்டுப் பிள்ளை

சேலத்தில் இருந்து மேற்கே 36 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது சின்னப்பம்பட்டி. நெசவு ஊர். நடராஜனின் தகப்பனார் தறி வேலை பார்த்தவர். தாயார் ரோட்டு ஓரத்தில் கோழிக் கறி வறுவல் கடை போட்டு நடத்தியவர். ஐந்து பிள்ளைகளில் நடராஜன் மூத்தவர்.

இருபது வயது வரை அவர் ஆடியது டென்னிஸ் பந்தில். சேலம், நாமக்கல் பக்கம் இந்த டென்னிஸ் பந்து ஆட்டத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. அறுவடை முடிந்த காட்டில் குச்சி நட்டு ஆடுவார்கள். பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் பந்தயம் வைப்பார்கள். மைக் கட்டி, முதல் பரிசு எவ்வளவு என்று நோட்டீசு ஒட்டுவார்கள். அந்த ஆட்டத்தில் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், ஊர் எல்லையைத் தாண்டிப் பெயர் போகாது. தோல் பந்தும், புல் ஆடுகளமும், அடியில் ஆணி வைத்த பூட்சும் அந்தக் காட்டில் ஏது?

அதே ஊரைச் சேர்ந்த ஜெயப்பிரகாஷ் என்பவர் நடராஜனின் வீச்சைப் பார்த்தார். சென்னைக்குப் போகச் சொன்னார். வழியும் செய்து கொடுத்தார். நடராஜன் தன் சட்டையில் "ஜே.பி. நட்டு" என்று போட்டுக் கொண்டது இந்த நன்றிக்காகத்தான்.

சென்னையில் லீக் ஆட்டங்கள் பல படிகளாக நடக்கின்றன. நடராஜன் நாலாவது டிவிஷனில் தொடங்கினார். ஒவ்வொரு படியாக ஏறினார். 2015 ஜனவரியில் தமிழ்நாட்டுக்காக ரஞ்சி ஆட்டத்தில் இறங்கினார்.

அங்கே விழுந்தது அடி. அவர் பந்து வீசும்போது கை வளைகிறது என்று புகார் வந்தது. வீசும் முறையையே மாற்ற வேண்டி வந்தது. பயிற்சியாளர்கள் உதவி செய்தார்கள். நடக்கத் தெரிந்தவன் மறுபடியும் நடை பழகுவது போன்ற வேலை இது. அதை முடித்து விட்டுத்தான் 2016-ல் அந்த ஆறு பந்தைப் போட்டார்.

போட்டி பிறந்த கதை

தமிழ்நாடு பிரீமியர் லீக்கைத் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் தொடங்கியது. ஒரு பக்கத்துக்கு 20 ஓவர். அதாவது 120 பந்து. மாலையில் தொடங்கினால் இரவு சாப்பாட்டு நேரத்துக்குள் முடிவு தெரிந்து விடும். அந்த வருஷமும் அடுத்த வருஷமும் ஐ.பி.எல்.லில் சென்னை கோஷ்டி ஆட முடியாமல் தடை இருந்தது. சென்னை ரசிகர்கள் வாடிக் கிடந்த நேரத்தில் இந்தப் போட்டி வந்தது.

2016 ஆகஸ்டு 24-ந் தேதி தொடங்கிய முதல் போட்டியில் எட்டுக் கோஷ்டிகள். சேப்பாக்கம், தூத்துக்குடி, திண்டுக்கல், காரைக்குடி, கோவை, மதுரை, காஞ்சி, திருவள்ளூர். சேலம் இல்லை. நாமக்கல்லும் இல்லை.

ஆட்டங்கள் சென்னை சேப்பாக்கத்திலும், திண்டுக்கல் பக்கம் நத்தத்தில் ஒரு கல்லூரி மைதானத்திலும், திருநெல்வேலி சங்கர் நகரிலும் நடந்தன. சென்னைக்கு வெளியே இவ்வளவு பெரிய ஆட்டம், விளக்கு வெளிச்சத்தில், டெலிவிஷனில் வந்தது அதுவே புதிது.

முதல் கோப்பை தூத்துக்குடிக்கு. இறுதி ஆட்டத்தில் சேப்பாக்கத்தை 122 ரன் வித்தியாசத்தில் அடித்து நொறுக்கியது. அடுத்த வருஷம் அதே இரண்டு கோஷ்டிகள் மோதின; சேப்பாக்கம் பழி தீர்த்துக் கொண்டது. 2018-ல் மதுரை. 2019-லும் 2021-லும் சேப்பாக்கம். 2020-ல் கொரோனா காரணமாகப் போட்டியே நடக்கவில்லை.

2022-ல் ஒரு வேடிக்கை. கோவையில் இறுதி ஆட்டம் நடக்கும்போது மழை பிடித்துக் கொண்டது. சேப்பாக்கம் நாலு ஓவர்தான் ஆடியது. மழை விடுவதாகத் தெரியவில்லை. கோவையும் சேப்பாக்கமும் கோப்பையைப் பங்கு போட்டுக் கொண்டன. 2023-ல் கோவைக்குத் தனியாகவே கிடைத்து விட்டது. 2024-ல் அஸ்வின் தலைமையில் திண்டுக்கல். 2025-ல் திருப்பூர், திண்டுக்கல்லின் சொந்த மைதானத்திலேயே அதை 118 ரன் வித்தியாசத்தில் தோற்கடித்தது.

2016 முதல் 2025 வரை ஒன்பது போட்டிகள். பங்கு போட்டதையும் சேர்த்து நாலு கோப்பை சேப்பாக்கத்துக்கு.

குடி பெயர்ந்த கோஷ்டி

இதில் சேலம் எங்கே வந்தது?

முதல் கோப்பையை வாங்கிய தூத்துக்குடி கோஷ்டிதான் பிறகு சேலத்துக்குக் குடி பெயர்ந்தது. "சேலம் ஸ்பார்ட்டன்ஸ்" என்று பெயர் மாறியது. 2021-ல் அந்தப் பெயரோடு களத்தில் இறங்கியது. தூத்துக்குடியில் கோஷ்டிக்குக் கை தட்டிய பிள்ளைகள் என்ன நினைத்தார்களோ!

கோஷ்டிகள் ஊர் மாறுவது இங்கே மட்டும் நடக்கவில்லை. காஞ்சி கோஷ்டி திருச்சிக்குப் போயிற்று. திருவள்ளூர் கோஷ்டி காஞ்சிக்கு வந்து, பிறகு நெல்லைக்குப் போயிற்று. காரைக்குடி கோஷ்டிதான் இப்போது திருப்பூர். எட்டில் நாலு கோஷ்டிகள் வீடு மாறி விட்டன.

அமெரிக்காவிலும் இப்படி உண்டு. அங்கே பேஸ்பால் என்ற ஆட்டம் பிரசித்தம். நம் கிரிக்கெட்டுக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக் கொள்ளுங்கள். 1903-ல் தொடங்கிய அதன் இறுதிப் போட்டிக்கு "உலகத் தொடர்" என்று பெயர். பெயர்தான் உலகம்; ஆடுவது அமெரிக்கக் கோஷ்டிகளும் ஒரு கனடா கோஷ்டியும்! நாலு ஆட்டத்தில் முதலில் ஜெயித்தவருக்குக் கோப்பை. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் டாட்ஜர்ஸ் என்ற கோஷ்டி இருந்தது. 1955-ல் முதல் தடவையாக உலகத் தொடரை ஜெயித்தது. தெருவெல்லாம் கொண்டாடினார்கள். இரண்டே வருஷத்தில், 1957 ஆட்டங்கள் முடிந்ததும், முதலாளி கோஷ்டியை லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் கொண்டு போய் விட்டார். நாட்டின் ஒரு கோடியில் இருந்து மறு கோடிக்கு! புரூக்ளின்காரர்கள் அதைப் பல காலம் மறக்கவில்லை.

ரசிகன் ஊருக்காகக் கை தட்டுகிறான். முதலாளி கோஷ்டியைச் சொத்தாகப் பார்க்கிறார். பணத்துக்கு ஆடும் போட்டிகள் எல்லாவற்றிலும் இந்த இழுபறி இருக்கிறது.

சேலத்துக்கு வந்த கோஷ்டியிடம் இன்னொரு குறையும் உண்டு. கோப்பை தூத்துக்குடியோடு நின்று விட்டது! 2021 முதல் 2025 வரை நடந்த ஐந்து போட்டியிலும் சேலம் கோஷ்டி முதல் நாலு இடத்துக்குள் வரவே இல்லை.

ஒரே பந்து, 18 ரன்

சேலம் கோஷ்டியின் பெயர் வெளிநாட்டுப் பத்திரிகைகளில் எல்லாம் வந்த நாள் ஒன்று உண்டு. அது பெருமைப்படும் நாள் அல்ல. 2023 ஜூன் 13. எதிரி சேப்பாக்கம். சேப்பாக்கத்தின் கடைசி ஓவரில் ஒரே ஒரு பந்து பாக்கி. வீசியவர் சேலம் கேப்டன் அபிஷேக் தன்வர்.

முதலில் குச்சி பறந்தது. ஆனால் கால் கோட்டைத் தாண்டியதால் "நோ பால்". மறுபடி வீசினார்; மறுபடி நோ பால், அதில் ஒரு சிக்சர். மறுபடியும் நோ பால், அதில் இரண்டு ரன். அடுத்தது அகலமாகப் போனதால் "வைடு". கடைசியில் ஒழுங்கான பந்து விழுந்தது, அதுவும் சிக்சர்! கணக்குப் பாருங்கள். 1, 7, 3, 1, 6. மொத்தம் 18 ரன். ஒரே பந்துக்கு! ஆட்டத்தில் சேலம் 52 ரன் வித்தியாசத்தில் தோற்றது.

தன்வர் அனுபவம் இல்லாத பையன் அல்ல. கேப்டனுக்கே கால் இடறும் ஆட்டம் இது.

வாழப்பாடியில் விளக்கு வெளிச்சம்

கோஷ்டி ஜெயிக்காவிட்டாலும், சேலத்துக்கு ஒரு நன்மை கிடைத்தது. மைதானம்!

சேலத்துக்குக் கிழக்கே, ஆத்தூர் ரோட்டில், வாழப்பாடி பக்கம் காட்டுவேப்பிலைப்பட்டியில் சேலம் கிரிக்கெட் பவுண்டேஷன் மைதானம் கட்டப்பட்டது. 2020 பிப்ரவரி 9-ந் தேதி அப்போதைய முதல்-அமைச்சர் எடப்பாடி பழனிசாமி திறந்து வைத்தார். ராகுல் டிராவிட்டும் வந்திருந்தார்.

திறந்த அடுத்த மாதமே கொரோனா. 2021 போட்டி முழுவதும் ஆள் இல்லாத சேப்பாக்கத்தில் நடந்தது. சேலம் கோஷ்டி தன் முதல் வருஷத்தில் சேலத்தில் ஒரு ஆட்டம் கூட ஆடவில்லை. 2022-ல்தான் வாழப்பாடிக்குப் பிரீமியர் லீக் வந்தது. 2024 போட்டி இங்கேயேதான் தொடங்கியது.

மரவள்ளிக் காட்டுக்கும் பாக்குத் தோப்புக்கும் நடுவே ஆள் உயர விளக்குக் கம்பங்களைப் பல மடங்கு தாண்டிய கோபுர விளக்குகள்! ராசிபுரத்தில் இருந்தும் ஆத்தூரில் இருந்தும் குழந்தை குட்டிகளோடு பஸ் ஏறி வந்து விடலாம். டெலிவிஷனில் பார்த்த அஸ்வினை வேலி ஓரத்தில் நின்று பார்க்கலாம். அது சின்ன விஷயம் அல்ல.

ஆனால் ஒன்று. சேலம் கோஷ்டி என்றால் சேலம் பையன்கள் ஆடுவார்கள் என்று நினைத்துப் போகிறவர்கள் ஏமாந்து போவார்கள். ஆட்டக்காரர்களை ஊர் பார்த்துப் பிரிப்பது இல்லை. ஆரம்பத்தில் முறை வைத்துப் பொறுக்கினார்கள். 2023 முதல் ஏலம். சேலம் ஜில்லாவின் பெரிய ஆட்டக்காரரான நடராஜனே 2016-ல் திண்டுக்கல்லுக்கு ஆடினார். 2023-ல் திருச்சி, 2024-ல் திருப்பூர்!

பையனை விடலாமா?

நடராஜன் கதையைக் கேட்ட பிறகு தறிப் பட்டறையிலும் லாரிப் பட்டறையிலும் வேலை செய்யும் தகப்பன்மார்களுக்கு ஒரு கேள்வி பிறந்தது. "நம் பையனும் ஆடுகிறானே, விட்டுப் பார்க்கலாமா?"

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2023 ஏலத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் 900-க்கும் மேல். ஒரு கோஷ்டியில் 16 முதல் 20 பேர் வரை இருக்கலாம். எட்டுக் கோஷ்டிக்கும் சேர்த்து அதிகபட்சம் 160 பேர். ஒரு கோஷ்டி செலவிடக்கூடிய மொத்தப் பணம் ரூ.70 லட்சம். அந்த ஏலத்தில் சாய் சுதர்சன் என்ற சென்னை வாலிபரைக் கோவை கோஷ்டி ரூ.21 லட்சத்து 60 ஆயிரத்துக்கு எடுத்தது. பெரும் புள்ளிகளுக்கு இப்படிப் போனால் மீதி எவ்வளவு? கீழ்ப் படியில் இருப்பவருக்கு ஆரம்ப விலை ரூ.1½ லட்சம். அதை 12 மாதத்துக்குப் பங்கிட்டால் மாதம் ரூ.12,500. பட்டறை வேலையில் கிடைப்பதை விடப் பெரிய தொகை என்று சொல்ல முடியாது.

இந்த 900 பேரும் தெருவில் இருந்து வந்தவர்கள் அல்ல. சங்கத்தின் லீக் ஆட்டங்களில் பல வருஷம் ஆடியவர்கள். பிரீமியர் லீக் என்பது ஏணியின் மேல் படி. கீழ்ப் படி இன்னும் சென்னையில்தான் இருக்கிறது. நடராஜனுக்குச் சென்னைக்கு வழி காட்ட ஒரு ஜெயப்பிரகாஷ் இருந்தார். எல்லா ஊரிலும் இருப்பாரா?

மேலே போனாலும் நிலைக்குமா என்பது அடுத்த கேள்வி. ரூ.3 கோடிக்குப் போன நடராஜன் 2017 ஐ.பி.எல்.லில் ஆடியது ஆறே ஆட்டம். எடுத்தது இரண்டு விக்கெட். அடுத்த வருஷ ஏலத்தில் ஐதராபாத் கோஷ்டி எடுத்தது, விலை ரூ.40 லட்சம். 2018, 2019 இரண்டு வருஷமும் ஒரு ஆட்டத்தில் கூட இறக்கவில்லை. "அவ்வளவுதான், முடிந்தது" என்று பலர் நினைத்திருப்பார்கள்.

2020-ல் 16 விக்கெட். டிவில்லியர்ஸ் போன்ற சூரரின் குச்சியையும் யார்க்கர் போட்டுச் சாய்த்தார். ஆஸ்திரேலியாவுக்குப் போன இந்தியக் கோஷ்டியோடு, பயிற்சிக்குப் பந்து வீசும் ஆளாக ஏறினார். மற்றவர்களுக்குக் காயம் பட்டது. இவருக்கு வாய்ப்பு வந்தது. டிசம்பர் 2-ந் தேதி கான்பெராவில் ஒரு நாள் ஆட்டம். இரண்டு நாள் கழித்து அங்கேயே 20 ஓவர் ஆட்டம். 2021 ஜனவரி 15-ந் தேதி பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆட்டம். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகையிலும் முதல் ஆட்டம் ஆடிய முதல் இந்தியர் நடராஜன்! சின்னப்பம்பட்டிக்குத் திரும்பியபோது ஊரே திரண்டு சாரட்டு வண்டியில் ஏற்றி ஊர்வலம் விட்டது.

2021 மார்ச் 28. புனாவில் இங்கிலாந்தோடு ஆட்டம். கடைசி ஓவரில் இங்கிலாந்துக்குத் தேவை 14 ரன். சாம் கரன் 90 ரன்னைத் தாண்டி அடித்துக் கொண்டிருந்தார். பந்து நடராஜன் கையில். ஆறே ரன் கொடுத்தார், இந்தியா ஜெயித்தது.

அதற்குப் பிறகு முழங்காலில் ஆபரேஷன். தொடர்ந்து காயங்கள். 2025 முடிய இந்தியாவுக்காக அவர் மறுபடியும் ஆடவில்லை. டெஸ்ட் 1, ஒரு நாள் ஆட்டம் 2, 20 ஓவர் ஆட்டம் 4. அவ்வளவுதான் கணக்கு. ஐ.பி.எல்.லில் மதிப்புக் குறையவில்லை. 2024 நவம்பர் ஏலத்தில் டெல்லி கோஷ்டி ரூ.10 கோடியே 75 லட்சத்துக்கு எடுத்தது. பந்து வீசுகிறவனுக்கு உடம்புதான் தறி. அது அறுந்தால் துணி இல்லை.

இன்னொரு பயமும் பெற்றோருக்கு உண்டு. சூதாட்டம். 2019 செப்டம்பரில், இந்தப் போட்டியில் ஆடிய சிலருக்கு முன் பின் தெரியாதவர்களிடம் இருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. அவர்களே புகார் செய்தார்கள். கிரிக்கெட் வாரியத்தின் ஊழல் தடுப்புப் பிரிவு விசாரித்தது. அமெரிக்காவில் 1919 உலகத் தொடரில் காசு வாங்கிக் கொண்டு தோற்றதாக எட்டு ஆட்டக்காரர்கள் மாட்டினார்கள். கோர்ட்டு விடுதலை செய்தும், ஆயுள் முழுவதும் ஆடக் கூடாது என்று தடை போட்டு விட்டார்கள். பணம் புழங்கும் இடத்தில் வலை விரிப்பவர்களும் இருப்பார்கள். பையனை அனுப்பும்போதே சொல்லி அனுப்ப வேண்டிய விஷயம் இது.

பெண் பிள்ளைகள்? 2016 முதல் 2025 வரை நான் மேலே சொன்ன ஒன்பது போட்டிகளும் ஆண்களுக்கானவை. ஆனால் 2024 டிசம்பரில், மதுரையைச் சேர்ந்த கமலினி என்ற 16 வயதுப் பெண்ணை, பெண்கள் ஏலத்தில் மும்பை கோஷ்டி ரூ.1 கோடியே 60 லட்சத்துக்கு எடுத்தது. தகப்பன்மார்கள் கணக்கில் பெண்ணையும் சேர்த்துக் கொள்ளலாம்.

அதே ஊரில் இன்னொருவர்

சின்னப்பம்பட்டி ஒருவரோடு நிற்கவில்லை. நடராஜனும் ஜெயப்பிரகாசும் ஊரில் பயிற்சிப் பள்ளி தொடங்கினார்கள். அதில் தேறி வந்தவர் பெரியசாமி. கையைப் பக்கவாட்டில் சுழற்றி, இலங்கை மலிங்காவைப் போலப் பந்து வீசுவார்.

2019 போட்டியில் சேப்பாக்கம் கோஷ்டிக்கு ஆடினார். இறுதி ஆட்டத்தில் திண்டுக்கல்லை எதிர்த்து 15 ரன் கொடுத்து 5 விக்கெட் எடுத்தார். சேப்பாக்கம் 12 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது. அந்தப் போட்டி முழுவதிலும் அவர் எடுத்தது 21 விக்கெட். தொடரின் சிறந்த ஆட்டக்காரர் பரிசும் அவருக்கே. ஒரே கிராமத்தில் இருந்து இரண்டு பேர்! ஜில்லாவில் மற்ற ஊர்ப் பையன்களுக்குக் கை இல்லையா, கால் இல்லையா? சின்னப்பம்பட்டியில் சொல்லிக் கொடுக்க ஆள் இருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

சேலம் என்று பெயர் வைத்த கோஷ்டி செய்யாத வேலையை இந்தக் கிராமத்துப் பள்ளி செய்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம். கோஷ்டியைக் குறை சொல்லிப் பயன் இல்லை. அதன் வேலை, ஏலத்தில் எடுத்த ஆளை வைத்து ஒரு மாதம் ஆடுவது. ஆளை உண்டாக்குவது அதன் வேலை என்று யாரும் எழுதி வாங்கவில்லை.

2023 ஜூன் 23-ந் தேதி சின்னப்பம்பட்டியில் நடராஜன் தன் சொந்தச் செலவில் கட்டிய மைதானம் திறக்கப்பட்டது. தினேஷ் கார்த்திக் வந்து திறந்து வைத்தார். நடுவில் நாலு ஆடுகளம். பயிற்சிக்குத் தனியாக இரண்டு. உடற்பயிற்சிக் கூடம் உண்டு. உட்கார்ந்து பார்க்க 100 பேருக்கு இடம் உண்டு. அங்கே ஆடுவது தோல் பந்தில்.